1980 அக்டோபர் 25: ஒரு தேதியும் ரெண்டு கமிட்டியும்

"கமிட்டி போட்டாச்சா? அப்ப மேட்டர் முடிஞ்சுது"ன்னு நம்ம ஊர்ல ஒரு பேச்சு உண்டு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். 2023ல வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் பத்தி எல்லாரும் சண்டை போட்டப்ப, அந்தக் கூட்டுக்குழு அறிக்கையைத் தரவிறக்கிப் படிக்க ஆரம்பிச்சேன். அதுல ஒரு தேதி திரும்பத் திரும்ப வந்துது. 1980 அக்டோபர் 25. இதை எங்கேயோ பார்த்திருக்கோமேன்னு தேடினா, 2006ல வந்த இன்னொரு கூட்டுக்குழு சமாச்சாரத்துலயும் அதே தேதி. ஒரு கமிட்டி அந்தத் தேதியைத் தூக்கி எறிஞ்சிருக்கு. இன்னொரு கமிட்டி அதைக் கையால கூட தொடல.

அந்தத் தேதியில என்ன விசேஷம்? அன்னிக்குத்தான் இந்திரா காந்தி அரசு வனப் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டு வந்துது. அதுக்கு முன்னாடி காடு மாநில அரசு கையில இருந்துது. அணை கட்டணுமா, சுரங்கம் தோண்டணுமா, குடியேற்றமா, மாநிலமே கையெழுத்துப் போட்டு வெட்டிக் கொடுத்துடும். 1976ல 42வது அரசியல் சட்டத் திருத்தம் வந்து காட்டைப் பொதுப்பட்டியலுக்கு மாத்தினதால மத்திய அரசு இதுல நுழைய வழி கிடைச்சுது. 1980 டிசம்பர்ல அவசரச் சட்டம் முழுச் சட்டமாச்சு. ரொம்பச் சின்னச் சட்டம், ஒரு தாள்ல அடங்கிடும். சாரம் ஒரே வரிதான்: மத்திய அரசு முன் அனுமதி இல்லாம எந்த மாநிலமும் காட்டு நிலத்தை வேற காரியத்துக்குக் கொடுக்கக் கூடாது.

ஆனா ஒரு ஓட்டை. "காடு"ன்னா என்னன்னு சட்டத்துல சொல்லவே இல்லை. அரசு காகிதத்துல "காடு"ன்னு பதிவானது மட்டும்தான் காடுன்னு மாநிலங்கள் எடுத்துக்கிட்டாங்க. இந்த இடத்துலதான் நம்ம கூடலூர் வருது. நீலகிரி மாவட்டம் கூடலூர் பக்கம் மரம் வெட்டறதைப் பார்த்துட்டு, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாட் 1995ல உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 12ல வந்த உத்தரவு நாட்டையே புரட்டிப் போட்டுது. காடுங்கிற வார்த்தைக்கு அகராதிப் பொருள்தான், சொந்தக்காரர் யாரா இருந்தாலும் சரி, பதிவுல எப்படி இருந்தாலும் சரி, காடு மாதிரி இருந்தா காடுதான்னு சொல்லிட்டாங்க. ஒவ்வொரு மாநிலமும் நிபுணர் குழு வெச்சு அப்படிப்பட்ட காடுகளைப் பட்டியல் போடணும்னும் உத்தரவு. இந்தப் பட்டியல் விஷயத்தை ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசியில திரும்ப வரும்.

மரத்துக்கு நல்ல காலம். ஆனா காட்டுக்குள்ள தலைமுறை தலைமுறையா இருக்கிற மனுஷங்க? அவங்க கையில பட்டா கிடையாது. வெள்ளைக்காரன் காலத்துல காட்டைக் காப்புக்காடா அறிவிச்சப்ப அவங்க உரிமையை யாரும் ஒழுங்கா எழுதி வைக்கல. 2002 மே மாசம் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆக்கிரமிப்பை எல்லாம் அகற்றுங்கன்னு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப, பல மாநிலங்கள்ல பழங்குடிகளை வெளியேத்த ஆரம்பிச்சாங்க. சொந்த ஊர்லயே ஆக்கிரமிப்பாளர். எதிர்ப்பு பெருசாகி, 2005 டிசம்பர் 13ல பழங்குடிகள் வன உரிமை அங்கீகார மசோதா மக்களவைக்கு வந்துது.

மசோதாவைப் பார்த்தா பாதிக் கிணறு தாண்டின கதை. 1980 அக்டோபர் 25க்கு முன்னாடி காட்டு நிலத்துல இருந்தவங்களுக்குத்தான் உரிமை. அதுவும் பட்டியல் பழங்குடிகளுக்கு மட்டும். குடும்பத்துக்கு உச்சவரம்பு 2.5 ஹெக்டேர். இருபத்தஞ்சு வருஷத்துக்கு முந்தி நான் இங்கதான் இருந்தேன்னு எழுதப் படிக்கத் தெரியாத ஒரு ஆள் எந்தக் காகிதத்தை வெச்சு நிரூபிப்பார்? இன்னொரு பக்கம் வனவிலங்கு ஆர்வலர்களும் கடுமையா எதிர்த்தாங்க. அது சரிஸ்கா சரணாலயத்துல புலியே மிச்சமில்லைன்னு தெரிஞ்ச வருஷம். நிலத்தைப் பங்கு போட்டா புலி காலின்னாங்க. அவங்க பயத்தையும் சும்மா ஒதுக்கிட முடியாதுங்கறது என் கருத்து.

இந்தச் சண்டை எல்லாம் போய்ச் சேர்ந்த இடம், ஆந்திராவின் பார்வதிபுரம் எம்.பி. கிஷோர் சந்திர தேவ் தலைமையிலான கூட்டுக்குழு. 2006 மே மாசம் அறிக்கை வந்துது. தேவ் ஆளுங்கட்சிக்காரர், மசோதாவும் ஆளுங்கட்சி மசோதா. ஆனா குழு மசோதாவைக் கிட்டத்தட்ட திருப்பி எழுதிடுச்சு. 1980ஐத் தூக்கிட்டு மசோதா அறிமுகமான 2005 டிசம்பர் 13ஐயே கெடு தேதியா வெச்சாங்க. பழங்குடி அல்லாத, ஆனா காட்டை நம்பியே வாழற மத்த மக்களையும் உள்ள சேர்த்தாங்க. கிராமசபைக்கு அதிகாரம் கூட்டினாங்க. சட்டத்தோட பேரே இதனால நீண்டுபோச்சு: பட்டியல் பழங்குடிகள் "மற்றும் பிற பாரம்பரிய வனவாசிகள்" சட்டம்.

நிற்க. கமிட்டிக்கு இவ்ளோ பவர் எப்படி வந்துதுன்னு ஒரு சந்தேகம் வரும். எனக்கும் வந்துது. ரெண்டு வகை கமிட்டி இருக்குங்க. ஒண்ணு, துறைவாரி நிலைக்குழு. 1989ல மூணு துறைக்கு ஆரம்பிச்சாங்க, அதுல சுற்றுச்சூழலும் ஒண்ணு. 1993ல 17 குழு, 2004ல 24. ஒவ்வொண்ணுலயும் 31 பேர், மக்களவை 21, மாநிலங்களவை 10. அமைச்சர்கள் உறுப்பினரா இருக்க முடியாது. சபாநாயகரோ மாநிலங்களவைத் தலைவரோ மசோதாவை அனுப்பி வைப்பாங்க. இவங்க எழுதறது பரிந்துரை மட்டும்தான். ஏத்துக்கறதும் விடறதும் அமைச்சர் பாடு.

இன்னொண்ணு, ஒரு குறிப்பிட்ட மசோதாவுக்காக மட்டும் அவையில தீர்மானம் போட்டு அமைக்கிற கூட்டுக்குழு. வேலை முடிஞ்சா கலைஞ்சிடும். ஆனா இது மசோதா வாசகத்தையே மாத்தலாம். அதுக்கப்புறம் அவைக்கு வர்றது "கூட்டுக்குழு அறிவித்தபடியான மசோதா". எங்க தொழில் பாஷைல சொன்னா, நிலைக்குழு கோட் ரிவ்யூல கமெண்ட் மட்டும் போடும், கூட்டுக்குழு கோடையே திருத்தலாம்.

வேலை செய்யற விதம் ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். பத்திரிகையில விளம்பரம் கொடுத்துக் கருத்து கேப்பாங்க. யார் வேணா மனு அனுப்பலாம், நீங்க நான் கூட. அப்புறம் அமைச்சக அதிகாரிகள், நிபுணர்கள், மாநில அரசுகள்னு கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேள்வி. கூட்டம் எல்லாம் மூடின கதவுக்குப் பின்னாடி. டிவி கேமரா இல்லாததால எம்.பி.க்கள் கட்சிக்காரனா இல்லாம மனுஷனா பேசுவாங்கன்னு ஒரு நம்பிக்கை. கடைசியா பிரிவு பிரிவா மசோதாவைப் படிச்சு அறிக்கை. ஒத்துக்காதவங்க மாற்றுக் கருத்து எழுதிச் சேர்க்கலாம்.

2006க்குத் திரும்பலாம். குழு சொன்ன எல்லாமே அப்படியே சட்டமாகல. டிசம்பர்ல மசோதா அவைக்கு வந்தப்ப அரசு பல இடத்துல திருத்தம் பண்ணிடுச்சு. பிற பாரம்பரிய வனவாசின்னா மூணு தலைமுறை, அதாவது 75 வருஷம் அங்க இருந்திருக்கணும்னு சட்டம் சொல்லுது. இது நடைமுறையில பெரிய முட்டுக்கட்டை. உச்சவரம்பு 4 ஹெக்டேர்ல நின்னுது. ஆனா 1980 போனது போனதுதான். ஒரு குடும்பத்தை ஆக்கிரமிப்பாளரா உரிமைக்காரரான்னு தீர்மானிக்கிற தேதி 25 வருஷம் முன்னாடி நகர்ந்துது. முகவுரையில "வரலாற்று அநீதி"ன்னு அரசே ஒத்துக்கிட்ட வார்த்தையும் இருக்கு.

நிலைக்குழுவுக்கு ஒரு உதாரணம் சொல்லிட்டுப் போறேன். 2021 டிசம்பர்ல வனவிலங்குப் பாதுகாப்புத் திருத்த மசோதா ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான நிலைக்குழுவுக்குப் போச்சு. 2022 ஏப்ரல்ல அறிக்கை. மசோதா அட்டவணைகளை ஆறுல இருந்து நாலாக் குறைச்சிருந்துது. எந்தப் பிராணி எந்த அட்டவணைங்கறது சும்மா இல்லை, அதை வெச்சுத்தான் வேட்டைக்காரனுக்குத் தண்டனை. குழு உக்காந்து பார்த்தா பட்டியல்ல பல இனங்களைக் காணோம், சிலது தப்பான இடத்துல. இந்த மாதிரி வேலையை 543 பேர் கூச்சல் போடற அவையில எவன் செய்வான்? கமிட்டியாலதான் முடியும். யானை விஷயத்துல மட்டும் இழுபறி. சான்றிதழ் வெச்சிருக்கவங்க வளர்ப்பு யானையை "மதம் சார்ந்த அல்லது வேறு எந்த நோக்கத்துக்கும்" இடம் மாத்தலாம்னு 2022 சட்டத்துல நிக்குது. அந்த "வேறு எந்த"வுல லாரியே நுழையும்.

இப்ப 2023. மார்ச் 29ஆம் தேதி வனப் பாதுகாப்புத் திருத்த மசோதா மக்களவையில அறிமுகம். இயல்பா இது அதே நிலைக்குழுவுக்குத்தான் போயிருக்கணும். போகல. தனியா 31 பேர் கூட்டுக்குழு, தலைவர் மீரட் எம்.பி. ராஜேந்திர அகர்வால். எங்க குழுவை வேணும்னே ஒதுக்கறாங்கன்னு ஜெய்ராம் ரமேஷ் மாநிலங்களவைத் தலைவருக்கே எழுதினார்.

மசோதா என்ன சொல்லுது? 1980 அக்டோபர் 25 அன்னிக்கோ அதுக்கு அப்புறமோ அரசுப் பதிவேட்டுல காடுன்னு இருந்தாத்தான் சட்டம் பொருந்தும். பதிவுல ஏறாம, 1996 தீர்ப்பை மட்டும் நம்பி நிக்கிற காடு வெளிய. சர்வதேச எல்லையில இருந்து 100 கிலோமீட்டருக்குள்ள நாட்டுப் பாதுகாப்பு சார்ந்த சாலை, ரயில் பாதை மாதிரி திட்டங்களுக்கு விலக்கு. மேப்பை எடுத்துப் பாருங்க, மிசோரம், திரிபுரா, சிக்கிம் எல்லாம் ஏறக்குறைய முழுசாவே அந்த 100 கிலோமீட்டர்ல விழுந்துடும். மிருகக்காட்சி சாலை, சஃபாரி எல்லாம் இனிமே வனம் சார்ந்த வேலையாம்.

கூட்டுக்குழு என்ன பண்ணுச்சு? ஜூலை 20ல அறிக்கை வெச்சுது. மசோதாவுல ஒரு மாத்தமும் இல்லை. அறிக்கையைப் படிச்சா ஒரே தாளம்: இவங்க இந்த ஆட்சேபம் சொன்னாங்க, அமைச்சகம் இந்த விளக்கம் கொடுத்துது, குழு பிரிவை ஏத்துக்குது. அடுத்த பிரிவு. ஆட்சேபம் எல்லாம் நல்லா விவரமா பதிவாகியிருக்கு, அதைச் சொல்லணும். எதிர்க்கட்சி எம்.பி.க்களின் மாற்றுக் கருத்தும் பின்னாடி இணைச்சிருக்கு. நாளைக்கு யாராவது ஆராய்ச்சி பண்ணினா உபயோகப்படும். ஆனா வாசகத்தையே திருத்தற அதிகாரம் கையில இருந்தும் ஒரு கமா கூட நகரல. ஜூலை 26 மக்களவை, ஆகஸ்ட் 2 மாநிலங்களவை, டிசம்பர் 1ல இருந்து அமல். சட்டத்தோட பேரையும் மாத்திட்டாங்க, வன் (சன்ரக்ஷண் ஏவம் சம்வர்தன்) அதிநியம், 1980. நானும் நாலு தடவை சொல்லிப் பார்த்தேன், நாக்கு சுளுக்கிக்குது.

தப்பு கூட்டுக்குழுங்கற அமைப்பு மேல இல்லை. 2006லயும் அதே விதிகள்தான், அதே அதிகாரம்தான். அப்ப தலைவரா இருந்தவர் தன் கட்சி அரசோட மசோதாவையே பிரிச்சுப் போடத் தயாரா இருந்தார், கூட்டணிக் கட்சிகளும் வெளியில இருந்த இயக்கங்களும் பின்னாடி அழுத்தம் கொடுத்துது. 2023ல பெரும்பான்மை கெட்டியா இருந்துது, மாத்தணும்னு கட்டாயப்படுத்த யாருமில்லை. 15வது மக்களவையில நூத்துக்கு 71 மசோதா கமிட்டிக்குப் போனது, 17வது மக்களவையில 16ஆச்சு. கமிட்டி வரைக்கும் வந்ததே பெரிய விஷயம்னு ஆகிடுச்சு.

அப்புறம் அந்தப் பட்டியல். திருத்தத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துல வழக்கு போட, 2024 பிப்ரவரி 19ல இடைக்கால உத்தரவு வந்துது. இறுதி முடிவு வர்ற வரைக்கும் 1996 தீர்ப்பின் அகராதிப் பொருளையே பின்பற்றணும்னு சொல்லிட்டு, மாநில நிபுணர் குழுக்கள் போட்ட காட்டுப் பட்டியலை எல்லாம் வாங்கி வெளியிடுங்கன்னாங்க. ஒரு மாசத்துல நிபுணர் குழு அமைச்சுக் காட்டை அடையாளம் காணச் சொல்லி 1996ல கேட்ட பட்டியல் அது. 2024ல வெளியிட்டாங்க. பல மாநிலங்களோட பட்டியல்ல இடத்தைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு விவரமே கிடையாது. 1980 அக்டோபர் 25க்கு அப்புறம் எது காடு, எது காடில்லைன்னு கேட்டா காட்டறதுக்கு நம்ம கிட்ட முழுசா ஒரு மேப் இல்லை.