முட்டி பிடித்தல்: ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் கைக்கொண்ட படைக்கலங்களுள் மிகப் பழையது அவன் கையேயாகும். விரித்த கை கொடுக்கவும் கொள்ளவும் உதவும். மடக்கிய கை தாக்கவும் தடுக்கவும் உதவும். மடக்கிய கையை முட்டி என்பர். முஷ்டி என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம் இது. நம் இளைஞர் பலர் இன்று பயிலும் கராத்தேயில் முட்டி பிடித்தலே முதற்பாடம். காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமரே இக்கலையைச் சீனத்தில் விதைத்தார் என்றும், அங்கிருந்தே அது யப்பானை அடைந்தது என்றும் நம்மவர் பெருமிதத்தோடு கூறுவதுண்டு. இக்கூற்று வரலாற்றின் முன் நிற்குமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் முட்டியின் அமைப்பை நோக்குவோம். நான்கு விரல்களையும் நுனியிலிருந்து சுருட்டி உள்ளங்கையில் இறுக அழுத்தல் வேண்டும். பெருவிரல் சுட்டுவிரலையும் நடுவிரலையும் வெளிப்புறத்தே குறுக்காகத் தழுவி நிற்கும். அதனை உள்ளே வைத்து மூடின், குத்துங்கால் முறிய நேரும். தாக்கும் இடம் அவ்விரு விரல்களின் அடிமொளிகளாம். மணிக்கட்டு வளையாது முன்கையோடு நேராக நிற்றல் வேண்டும். சிறுவிரற் பக்கத்து அங்கையெலும்பு மெலிந்தது. அப்பக்கத்தாற் குத்துவோர் அதனை முறித்துக்கொள்வது மருத்துவர் நன்கறிந்த செய்தி. 1867இல் வெளிவந்த குயின்ஸ்பெரி விதிகள் ஆங்கிலக் குத்துச்சண்டைக்குக் கையுறையை விதித்தன. கராத்தே பயின்றோரோ வைக்கோற் கயிறு சுற்றிய மரக்கம்பத்திற் குத்தி வெறுங்கையையே உரமாக்கினர்.

இனி நம் நாட்டுச் சான்றுகளைக் காண்போம். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைப் புறநானூறு போற்றுகின்றது. அது பிடித்து மடக்கி வீழ்த்தும் மற்போராகும். முட்டியின் இலக்கணத்தை நாம் காண்பது போர்க்களத்திலன்று, ஆடலரங்கிலேயாம். விரல்கள் உள்ளங்கையில் மடங்க, அவற்றின்மேற் பெருவிரல் அமைவது முட்டி என நாட்டிய சாத்திரம் வகுத்து, அடித்தலையும் வாள் முதலியன பற்றுதலையும் அதன் பயன்களாகக் கூறும். சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் காட்டும் ஒற்றைக்கை முப்பத்துமூன்றனுள் முட்டியும் ஒன்று. மைசூரில் விசயதசமியன்று நிகழும் வச்சிரமுட்டிப் போரில் மல்லர் கொம்பாலாகிய கருவியை விரல்களிற் பூட்டிக்கொண்டு பொருவர். ஒருவர் தலையிற் குருதி தோன்றியதும் போர் முடியும். தமிழகத்திற் சிலம்பத்தோடு சேர்த்துப் பயிலப்படும் குத்துவரிசையும் இங்கே எண்ணத்தக்கது. எனவே முட்டி நம்மவர்க்குப் புதியதன்று.

ஆயினும் இவற்றுக்கும் கராத்தேக்கும் தொடர்பு காட்டும் சான்று வேறாக வேண்டும். போதிதருமரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீன நூல் 547ஆம் ஆண்டளவில் எழுந்தது. அது அவரைப் பாரசீகர் என்கிறது. அடுத்து வந்த குறிப்புகள் தென்னிந்தியர் என்கின்றன. இரண்டும் அவரைத் துறவியாகவே காட்டுகின்றன. போர்க்கலை ஆசிரியராகக் காட்டவில்லை. அவர் பெயரால் வழங்கும் உடற்பயிற்சி நூல் 1624ஆம் ஆண்டளவில் எழுந்தது எனவும், அதன் பழைய முன்னுரை போலி எனவும் அறிஞர் நிறுவியுள்ளனர். இடையே ஆயிரம் ஆண்டுகள் வெறுமையாய்க் கிடக்கின்றன.

கலைகள் கடல் கடந்து செல்லா என்பது நம் கருத்தன்று. தலவில அமைந்த கற்பிட்டித் தீபகற்பத்தையும் புத்தளத்தையும் உள்ளிட்ட கரைக்கு, 15ஆம் நூற்றாண்டிற் கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகுவின் பொருட்டுத் தமிழகக் கரையிலிருந்து போர்வீரர் வந்ததை முக்கர ஹட்டன என்னும் சிங்கள ஏடு கூறுகின்றது. வீரர் வந்தவிடத்து அவர்தம் பயிற்சியும் வந்திருக்கலாம். ஆனால் 'வந்திருக்கலாம்' என்பதை 'வந்தது' என்று எழுதும் உரிமை வரலாற்றாசிரியனுக்கு இல்லை.

உறுதியாக அறியக்கிடப்பது யாது? ஒக்கினாவாத் தீவின் கைப்போரும் சீனத்துப் பூக்கியன் பகுதியின் பயிற்சியும் கலந்தே கராத்தே வளர்ந்தது. மறைவிற் பயிலப்பட்டுவந்த அதனை 1901இல் இட்டோசு அங்கோ என்பார் சூரி நகரப் பள்ளியிற் புகுத்தினார். அவர் மாணவரும் பள்ளியாசிரியருமான பூனகோசி கிச்சின் 1922இல் தோக்கியோவில் அதனை அரங்கேற்றி, நூல்களும் இயற்றினார். முன்னர்ச் 'சீனக் கை' எனப் பொருள்படும் எழுத்துகளால் எழுதப்பட்ட பெயரை, 1936இல் நாகா நகரிற் கூடிய ஆசிரியர் 'வெறுங்கை' எனப் பொருள்படும் எழுத்துகளால் எழுத உடன்பட்டனர். ஒரு சிறு தீவின் கலை உலகக் கலையானதற்கு, அதனை முறைப்படுத்தி எழுதிப் பள்ளியிற் சேர்த்த ஆசிரியர்களின் உழைப்பு பெருங்காரணமாகும்.

பிறர் கலையின் தோற்றத்துக்கு உரிமை கோருதல் எளிது; நம் குத்துவரிசையின் பாடங்களை முதிய ஆசான்மாரிடம் கேட்டெழுதி, ஒழுங்குசெய்து, இளையோர்க்குக் கற்பித்தல் அரிது. அவ்வரிய பணியை மாணவர் மேற்கொள்வாராயின், நாளைய வரலாற்றாசிரியன் ஊகத்தை நாடவேண்டியிராது.