ஒரு கட்டளை, இரண்டு புலிகள்

1941 மே 26 அன்று பவேரிய மலையில் உள்ள தன் இல்லத்தில் ஹிட்லர் நடத்திய ஆலோசனையில், கனரக டாங்கி ஒன்றை விரைந்து உருவாக்கும்படி உத்தரவானது. வேலை இருவர் கைக்குப் போனது. ஒருவர் காசெல் நகரின் ஹென்ஷெல் நிறுவனத்தார். மற்றவர் பொறியாளர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. இருவருக்கும் ஒரே 88 மி.மீ. பீரங்கி, அதைத் தாங்கும் சுழல்கூடும் க்ருப் நிறுவனத்தின் தயாரிப்புதான். வேறுபாடு முழுக்க, அத்தனை எடையை எப்படி நகர்த்துவது என்பதில் இருந்தது.

ஹென்ஷெல் பழகிய வழியில் போனது: ஒரு மேபாக் பெட்ரோல் இன்ஜின், ஒரு கியர்பெட்டி, காரில் இருப்பதுபோல் ஸ்டீயரிங் சக்கரம். கனரக வண்டியில் முதலில் பழுதாவது கியர்பெட்டிதான் என்பதால் போர்ஷே அதையே தவிர்க்கப் பார்த்தார். அவருடைய இரண்டு இன்ஜின்களும் ஜெனரேட்டர்களை ஓட்டும். அந்த மின்சாரத்தில் மோட்டார்கள் சங்கிலிப்பட்டைகளைச் சுழற்றும். யோசனை நல்லதுதான். ஆனால் காற்றால் குளிர வேண்டிய இன்ஜின்கள் கொதித்தன. ஜெர்மனியில் தட்டுப்பாடாக இருந்த செம்பையும் அது ஏராளமாகக் கேட்டது.

1942 ஏப்ரல் 20, ஹிட்லரின் பிறந்த நாளில், ராஸ்டன்பர்க்கில் இரண்டு வண்டிகளும் அவர் முன் நின்றன. பின்னர் தேர்வானது ஹென்ஷெலின் வண்டி; அதுதான் ‘புலி’ (டைகர்) டாங்கி. அதற்குள் போர்ஷேயின் வண்டிக்கு உடற்பகுதிகள் தயாராகிவந்தன. வீணாக்க மனமில்லாமல் அவற்றில் சுமார் 90-ஐ டாங்கி அழிப்பு வண்டிகளாக மாற்றினார்கள், இன்ஜின்களையும் மாற்றினார்கள். ‘ஃபெர்டினாண்ட்’ என்று போர்ஷேயின் பெயரே வண்டிக்கு நிலைத்தது.

1943 ஜூலை, கூர்ஸ்க் போரில் இரண்டும் இறங்கின. ஃபெர்டினாண்டின் எடை 65 டன், முன்கவசம் 200 மி.மீ.; புலிக்கு 57 டன், 100 மி.மீ. ஃபெர்டினாண்டின் பீரங்கியும் நீளமானது, தொலைவிலேயே எதிரி டாங்கியைத் துளைக்கும். ஆனால் அதற்குச் சுழல்கூடு இல்லை, இயந்திரத் துப்பாக்கியும் பொருத்தப்படவில்லை. காலாட்படை பக்கவாட்டில் நெருங்கிவிட்டால் பதில் சொல்ல வழியில்லை. கண்ணிவெடியில் பட்டை அறுந்தால் 65 டன்னை இழுத்து மீட்பதும் பெரும்பாடு. புலி திரும்பிச் சுடும்; அதன் இயந்திரத் துப்பாக்கிகள் நெருங்கி வருபவர்களைத் தடுக்கும்.

அதற்காகப் புலி குறையற்றது என்றில்லை. 1942 ஆகஸ்ட் இறுதியில் லெனின்கிராட் அருகே ம்கா சதுப்பு நிலத்தில் முதன்முதலாக இறங்கியபோதே பழுதாகி நின்றது. அதன் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியவாறு அடுக்கப்பட்டவை. உள்வரிசையில் ஒன்று கெட்டால் வெளிவரிசையில் பலவற்றைக் கழற்றியாக வேண்டும். ரஷ்யக் குளிரில் இடையில் சிக்கிய சேறு இரவோடு இரவாக உறைந்து வண்டியையே பூட்டிவிடும். ரயிலில் ஏற்ற, 725 மி.மீ. அகலப் பட்டையைக் கழற்றி 520 மி.மீ. பட்டையை மாட்ட வேண்டும். இறங்கியதும் மறுபடி மாற்ற வேண்டும்.

இருந்தாலும் ஹென்ஷெலைத் தேர்ந்தது சரியே. ஆனால் இரண்டு வண்டிகளையும் படுத்தியது ஒரே நோய், எடை. புலி இரண்டு ஆண்டுகளில் 1,350-ஐக்கூடத் தொடவில்லை. எதிரில், எளிதாகச் செய்து எளிதாகப் பழுதுபார்க்கக்கூடிய சோவியத் டி-34 பல்லாயிரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தது.