1883 பச்சைச் சூரியனும் அந்தி வானச் சித்திரங்களும்

மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையிலோ மோகனூர்க் காவிரிப் படித்துறையிலோ அந்தி வானத்தை வரைய உட்காருபவருக்கு நேரம்தான் பெரிய இடைஞ்சல். இப்பகுதியில் சூரியன் ஏறத்தாழ செங்குத்தாக இறங்குவதால், மறைந்த அரை மணி நேரத்திற்குள் இருள் சூழ்ந்துவிடுகிறது. மேகத்தின் செம்மைக்கு வண்ணம் கலந்து முடிப்பதற்குள் மேகம் சாம்பல் நிறமாகிவிடும். தண்ணீரில் தெரியும் நிழலும் கூடவே மாறிவிடும். வண்ணப் புகைப்படம் பரவாத காலத்தில் இந்த நிறங்களைப் பிடித்து வைக்க ஓவியரின் கையே துணை. அவ்வாறு வரையப்பட்ட சித்திரங்கள் அறிவியல் சான்றாகவே ஏற்கப்பட்ட நிகழ்வு ஒன்று உண்டு. அதன் முதல் அறிகுறிகளைக் கண்ட இடங்களுள் சென்னையும் ஒன்று.

1883 ஆகஸ்ட் 26, 27 ஆகிய நாட்களில் ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே உள்ள கிரகட்டோவா எரிமலை வெடித்தது. பெரும்பாலும் அதனால் எழுந்த ஆழிப்பேரலைகளில் 36,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மேலெழுந்த தூசியும் கந்தக வாயுவும் காற்றோடு உலகைச் சுற்றி வந்தன.

செப்டம்பர் மாதத்தில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும் பச்சையாகத் தெரிந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் சார்லஸ் மிச்சி ஸ்மித் அந்த ஒளியை நிறமாலைமானியால் ஆராய்ந்தார். நீராவிக்குரிய கறுப்புப் பட்டைகள் அழுத்தமாகத் தெரிந்ததால் காற்றின் ஈரமே காரணம் என்று அவர் கருதினார். பிழையானாலும் அது கண்ணெதிரே கண்ட சான்றிலிருந்து எழுந்த முடிவு. அதற்காக அவரைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. (பின்னாளில் கொடைக்கானல் வான் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானவர் இவரே.) பொதுவாக வளிமண்டலம் நீல ஒளியையே அதிகம் சிதறடிக்கும். துகள்கள் ஏறத்தாழ ஒரே அளவில், ஒரு மைக்ரான் அளவை ஒட்டி அமைந்தால் சிவப்பு அதிகமாகச் சிதறும். சூரியன் பச்சையாகவோ நீலமாகவோ தெரியும்.

நவம்பரில் இந்தத் தூசி இங்கிலாந்தின் வானத்தை எட்டியது. லண்டன் செல்சியில், தேம்ஸ் ஆற்றங்கரையில், வில்லியம் ஆஸ்கிராஃப்ட் என்ற ஓவியர் மாலைதோறும் வானத்தை வரைந்தார். எண்ணெய் வண்ணம் இந்த வேகத்துக்கு ஒத்துவராது. அவர் எடுத்தது வண்ணச் சுண்ணக் குச்சி. ஒரே மாலையில் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து வரைந்த படங்களைச் சேர்த்துப் பார்த்தால், சூரியன் மறைந்த பின் மங்கிய வானம் மீண்டும் சிவந்து எரிவது படிப்படியாகத் தெரிகிறது. தரையில் இருட்டிய பின்னும் மிக உயரத்தில் மிதந்த துகள்கள்மேல் வெயில் விழுந்துகொண்டிருந்ததே இதற்குக் காரணம். இவ்வாறு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களை அவர் வரைந்தார். அழகுக்காக வரைந்தவை என்பதைவிட, நேரம் தவறாமல் எழுதிய நாட்குறிப்பு என்பதே பொருந்தும்.

கிரகட்டோவா பற்றி லண்டன் ராயல் சொசைட்டி 1888-இல் வெளியிட்ட அறிக்கையின் முகப்பில், 1883 நவம்பர் 26 மாலையில் ஆஸ்கிராஃப்ட் வரைந்த படங்கள் வண்ணத்தில் அச்சாயின. 2007-இல் கிரேக்க அறிஞர் கிறிஸ்டோஸ் செரெஃபோஸும் அவருடைய குழுவினரும், 1500 முதல் 1900 வரை தீட்டப்பட்ட அந்தி ஓவியங்களில் சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தை அளந்து, அக்காலத்து எரிமலைத் தூசியின் அளவைக் கணிக்க முயன்றனர்.