விருந்தினர் விடைபெற்ற பின்பு



சில ஆண்டுகளுக்கு முன்பு, என்னிடம் பயின்று கல்லூரிக்குச் சென்ற மாணவர் சிலர் மாக் மண்டினுக்கு என்னைத் தேடி வந்தனர். தங்கள் கல்லூரியில் தமிழ் விழா எடுப்பதாகவும், சிறப்புரைக்கு ஓர் அறிஞரை அழைத்துத் தர வேண்டும் என்றும் கேட்டனர். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரை அழைத்தேன். அவர் பட்டர்வொர்த் நிலையத்தில் இரயிலிலிருந்து இறங்கும்போதே கையில் ஒரு கோப்பு இருந்தது. தொடக்ககாலத் தமிழ்ப் பாடநூல்கள் குறித்து இருபது பக்கம் எழுதி வந்திருந்தார்.

விழா தொடங்கியது. குத்துவிளக்கு, வரவேற்பு நடனம், தலைமையுரை, நன்கொடையாளர் ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, மீண்டும் ஒரு நடனம். பேராசிரியர் ஒலிவாங்கி முன் நின்றபோது உணவு ஆறிக்கொண்டிருந்தது. பதினைந்து நிமிடங்களில் முடித்துக்கொள்ளுமாறு ஒரு சீட்டு அவருக்குப் போனது. சீட்டை எழுதியவன் நான்தான். அவர் புன்னகையோடு கோப்பை மூடிவிட்டு, இரண்டு நகைச்சுவைத் துணுக்குகளைச் சொல்லி அமர்ந்தார். மறுவாரம் ஒரு மாணவியின் தந்தை, “ஐயா, அவர் என்ன பேசினார்?” என்று கேட்டார். என்னால் ஒரு வாக்கியம்கூடச் சொல்ல இயலவில்லை. அந்த இருபது பக்கங்களை வாங்கி வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுமுன் பேராசிரியர் மறைந்துவிட்டார்.

அந்த வெட்கத்தினால்தான், நம் நாட்டில் ஒரு பல்கலைக்கழக வளாகம் விருந்தினரை வரவேற்ற வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்த முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைத்தான் குறிப்பிடுகிறேன். அதன் பெருமையை நாம் அடிக்கடி பேசுகிறோம். விருந்தோம்பியவர்களின் உழைப்பைப் பற்றிப் பேசுவது குறைவு.

அந்த மாநாட்டின் உயிர்நாடி தனிநாயகம் அடிகளார். 1913-இல் யாழ்ப்பாணத் தீவகத்தில் பிறந்த கத்தோலிக்கக் குரு. ஆங்கிலத்திலும் ஐரோப்பிய மொழிகளிலும் தேர்ந்த அவர், ரோமாபுரியில் சமயக் கல்வி முடித்துத் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆசிரியப் பணி ஏற்ற பிறகே தமிழை முறையாகக் கற்றார் என்பது நம்மில் பலரும் அறியாத செய்தி. பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் பட்டங்கள் பெற்றார். அடுத்து அவர் உலகை வலம்வந்தார். பல நாட்டு வளாகங்களில் அவரே சிறப்புப் பேச்சாளராக நின்றார். தமிழ் என்றொரு மொழி இருப்பதையே அறியாத அவைகளில் அதன் தொன்மையை ஆங்கிலத்தில் எடுத்துரைத்தார். 1952 முதல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழை நடத்தினார். தாம் விருந்தினராகச் சென்ற இடங்களிலெல்லாம், பின்னாளில் தாம் விருந்தோம்ப வேண்டியவர்களை அடையாளம் கண்டுகொண்டு திரும்பினார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1961-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்கு அவர் பேராசிரியராக வந்தார். அத்துறை 1956-இல் தொடங்கப்பட்டது. அதன் பின்னே மலாயா, சிங்கப்பூர்த் தமிழரின் உழைப்பு இருக்கிறது. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டினார். எளிய மக்கள் சிறுசிறு தொகையாகக் கொடுத்த அந்தப் பணம் பல்கலைக்கழகத்திற்குத் தமிழ் நூல்கள் வாங்கப் பயன்பட்டது. உலக அறிஞர்கள் கோலாலம்பூருக்கு வந்தபோது அவர்களுக்குக் காட்டுவதற்கு ஒரு தமிழ் நூலகம் இருந்ததென்றால், அதில் அந்த எளியோரின் வெள்ளிகளும் இருந்தன.

1964 சனவரியில் தில்லியில் கீழைத்தேயவியல் அறிஞர்களின் 26-ஆவது உலக மாநாடு கூடியது. அங்கு வந்திருந்த தமிழாய்வாளர்களை ஒரு தனி அமர்வுக்கு அழைத்து, அடிகளாரும் வ. ஐ. சுப்பிரமணியமும் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்திற்கு வித்திட்டனர். பிரெஞ்சு அறிஞர் ழான் பிலியோசா அதன் தலைவரானார். அடிகளாரும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபிலும் செயலாளர்கள். இரண்டே ஆண்டுகளில் கோலாலம்பூரில் முதல் மாநாடு! மின்னஞ்சல் இல்லாத காலம் அது. அஞ்சல் உறைகளையும் தந்திகளையும் நம்பிப் பல நாட்டு அறிஞர்களை ஓரிடத்தில் கூட்டினர்.

விருந்தினர் வருமுன்பு அடிகளார் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு. தமிழாய்வுக்கு உதவும் நூல்களின் வழிகாட்டிப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். 1966-இல் அது நூலாக வெளிவந்தது. அதே ஆண்டில், 1679-இல் அம்பலக்காட்டில் அச்சிடப்பட்ட அந்தாம் தெ புரொயென்சா அடிகளின் தமிழ்–போர்த்துகீசிய அகராதியை மறுபதிப்பாகக் கொணர்ந்தார். வத்திக்கான் நூலகத்தில் கிடந்த அப்படியை உலகறியச் செய்தவரும் அவரே. பொன்னாடைக்கும் மாலைக்கும் அப்பால், வருகின்ற அறிஞரின் பெட்டியில் வைத்து அனுப்பத் தக்க நூல்கள் அவை.

மாநாட்டைத் தொடக்கி வைத்தவர் நம் நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான். சிங்கப்பூர் பிரிந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். புதிய நாடு தன் மொழிக் கேள்விகளோடு போராடிக்கொண்டிருந்த அந்நாளில், மலாய்ப் பிரதமர் ஒருவர் தமிழாராய்ச்சி மாநாட்டைத் தொடக்கி வைத்ததன் பொருளை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

சென்னை மாநில முதலமைச்சர் எம். பக்தவத்சலமும் விருந்தினராக வந்திருந்தார். இங்கேதான் விருந்தோம்பலின் கடினம் தெரிகிறது. 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழக மாணவர்கள் வீதிக்கு வந்தபோது துப்பாக்கிச்சூடு நடந்தது அவருடைய ஆட்சியில். அந்தக் காயம் ஆறாத நிலையில் அவரைத் தமிழ் மாநாட்டு மேடையில் அமர்த்தலாமா என்று இன்றும் கேட்கலாம். அமர்த்தியது சரி என்பது என் கருத்து. வந்தது ஒரு மாநிலத்தின் முதலமைச்சர். வளாகத்தின் வாயிலில் கட்சிக் கணக்குப் பார்க்கத் தொடங்கினால் அடுத்த முறை யாரையுமே அழைக்க முடியாது. அக்கணக்கைத் தமிழக மக்கள் 1967 தேர்தலில் தாங்களே தீர்த்துக்கொண்டனர்.

மாநாடு முடிந்து அறிஞர்கள் விமானம் ஏறிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. படிக்கப்பட்ட கட்டுரைகள் தொகுக்கப்பட்டு, 1968, 1969 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக அச்சேறின. இரண்டு மூன்று ஆண்டு உழைப்பு அது. கைதட்டல் கிடைக்காத உழைப்பு. 1966-இல் யார் என்ன பேசினார் என்று இன்று ஒரு மாணவர் கேட்டால் எடுத்துக் காட்ட நூல் இருக்கிறது. எங்கள் கல்லூரி விழாவைப் பற்றிக் கேட்ட அந்தத் தந்தைக்கு என்னால் காட்ட முடிந்ததெல்லாம் நிழற்படங்கள்தாம். அவற்றிலும் பெரும்பாலானவை பொன்னாடைப் படங்கள்.

1968 சனவரியில் சென்னையில் நடந்த இரண்டாவது மாநாடு முதலமைச்சர் அண்ணாவின் ஆட்சியில் மக்கள் விழாவாகவே மலர்ந்தது. மெரினாவில் சிலைகள் எழுந்தன. விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைக் கண்டு தமிழ்ப் பற்று கொண்டவர்கள் பலர் இருப்பர். ஆனால் நம் பள்ளிகளும் கல்லூரிகளும் சென்னையின் ஊர்வலத்தை எளிதாகக் கற்றுக்கொண்டன, கோலாலம்பூரின் அச்சுப் பணியைக் கற்றுக்கொள்ளவில்லை. மூன்றாவது மாநாடு 1970-இல் பாரிசில் அமைதியாக நடந்தது.

நான்காவது மாநாடு 1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில். பேராசிரியர் சு. வித்தியானந்தன் முன்னின்று நடத்தினார். அரசின் ஆதரவு இல்லை. ஊர்மக்களே தங்கள் தெருக்களை அலங்கரித்து அறிஞர்களை வரவேற்றனர். சனவரி 10-ஆம் நாள் மாலை, வீரசிங்கம் மண்டபத்தருகே மக்கள் திரண்டிருக்க, விருந்தினராக வந்திருந்த திருச்சிப் பேராசிரியர் நைனா முகம்மது உரையாற்றிக்கொண்டிருந்த வேளையில் காவல்துறையினர் கூட்டத்திற்குள் புகுந்தனர். கண்ணீர்ப்புகை, துப்பாக்கி வேட்டு, அறுந்து விழுந்த மின்கம்பி. ஒன்பது பேர் உயிரிழந்தனர். ஓர் அறிஞரின் உரையைக் கேட்க வந்து நின்றவர்கள் அவர்கள். அந்தப் பக்கத்தைப் படித்த நாளன்று, நான் எழுதி அனுப்பிய “பதினைந்து நிமிடம்” சீட்டு நினைவுக்கு வந்தது. மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

அடிகளார் 1969-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தை விட்டு விலகினார், 1980-இல் மறைந்தார். அவர் பணியாற்றிய வளாகத்தின் தமிழ்ப் பேரவை மாணவர்கள் சிறுகதைப் போட்டி நடத்திப் ‘பேரவைக் கதைகள்’ என்று நூலாக்கி வந்திருப்பதைக் காணும்போது, அச்சில் ஏற்றும் அந்தப் பழக்கம் முற்றும் அழிந்துவிடவில்லை என்று மகிழ்கிறேன்.

அண்மையில் வேறொரு கல்லூரியின் மாணவர்கள் அதே வேண்டுகோளோடு வந்தார்கள். மூன்று நிபந்தனைகள் சொன்னேன். பேச்சாளரின் கட்டுரையை ஒரு மாதம் முன்பே கேட்டு வாங்கி, படிகளெடுத்து அவையினர் கையில் கொடுக்க வேண்டும். உரைக்கு ஒரு மணி நேரமும் கேள்விகளுக்கு அரை மணி நேரமும் ஒதுக்க வேண்டும். பொன்னாடை பேச்சாளர் ஒருவருக்கு மட்டுமே. முதல் இரண்டுக்கும் உடனே ஒப்புக்கொண்டார்கள். மூன்றாவதைப் பற்றி நன்கொடையாளர்களிடம் பேசிவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள்.