வேப்பங்குச்சியும் சூத்தைப்பல்லும்

சுன்னாகத்துச் சுண்ணக்கல் நிலத்தில் வேம்புக்குக் குறைவில்லை. பற்றூரிகை பரவுமுன் அவ்வூரார் விடியலிற் கிணற்றடியில் வேப்பங்குச்சியை மென்றே பல் தீட்டினர். பல் சூத்தையாவது புழுவினால் என்பது பழைய நம்பிக்கை. உண்மையில் அங்கே புழு இல்லை. வாயிலுள்ள பற்றீரியாக்கள் மாப்பொருளையும் சர்க்கரையையும் அமிலமாக்க, அவ்வமிலமே பல்லை அரிக்கிறது என 1890இல் மில்லர் என்னும் அறிஞர் விளக்கினார். (பனங்கட்டியும் அவற்றுக்குச் சர்க்கரையே.) அவற்றுள் முதன்மையான ஸ்ட்ரெப்டோகொக்கசு மியூட்டன்சு என்பதை 1924இல் இலண்டனிற் பிரித்தெடுத்தவர் கிளார்க்.

இவற்றை வேம்பு கொன்றதா? வேப்பங்குச்சிச் சாற்றைச் சோதித்த கலிபோர்னியா ஆய்வாளர் 1996இல் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. அவர்கள் சேர்த்த அளவில் சாறு பற்றீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கவில்லை. சர்க்கரையிலிருந்து அது ஆக்கும் பசையைக் குறைத்து, பல்லையொத்த பரப்பில் ஒட்டவொட்டாமற் செய்தது. இது ஆய்வுகூடத்து முடிவு. கிணற்றடியிலோ குச்சி நாரின் உரசலும் உடனிருந்தது.