வளைமுகக் கிதார்

கிதார் என்றதும் தட்டையான முகமும் நடுவே வட்டத் துளையும் உடைய கருவியே நம் நினைவுக்கு வருகிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அதன் உறவினரான வேறொரு கிதார். அதன் முகம் வயலினின் முகத்தைப்போல நடுவில் உயர்ந்து விளிம்பை நோக்கிச் சரியும். வட்டத் துளை இராது. இரு புறமும் வளைந்த பிளவுகள் இரண்டு இருக்கும். ஆர்ச்டாப் என்று அதற்குப் பெயர். வளைமுகக் கிதார் என்று நாம் சொல்லலாம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊர் உண்டு. அங்கே ஆர்வில் கிப்சன் என்பவர் 1898-இல் ஒரு மாண்டலினுக்குக் காப்புரிமை பெற்றார். மரத்தை நீராவியில் வளைத்தால் அதன் நாதம் கெடும், திண்ணிய மரத்தைச் செதுக்கியே வடிவம் காண வேண்டும் என்பது அவருடைய கொள்கை. நான் விருத்தாசலத்தை அடுத்த நல்லூர்ப் பக்கத்தவன். எங்கள் வட்டாரத்தில் களிமண் கூழைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றிப் பொம்மை செய்வர். அச்சு ஒன்றானால் பொம்மைகளும் ஒன்றுபோலவே வரும். செதுக்குகிறவனுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு பலகையையும் விரலால் தட்டி, ஒலியைக் கேட்டு, எங்கே இன்னும் சிறிது சீவ வேண்டும் என்று அவனே தீர்மானிக்க வேண்டும்.

கிப்சன் பெயரில் 1902-இல் ஒரு நிறுவனம் தோன்றியது. அங்கே பணியாற்றிய லாயிட் லோர் காலத்தில், 1922-இல், எல்-5 என்னும் கிதார் வெளிவந்தது. வயலினின் பிளவுத் துளைகளைக் கிதாருக்குக் கொண்டுவந்தது அதுவே. அக்கால நடன அரங்குகளில் எக்காளங்களின் முழக்கத்துக்கிடையே கிதார் கேட்கப்பட வேண்டியிருந்தது. 1934-இல் சூப்பர் 400 வந்தது. அகலம் 18 அங்குலம், விலை 400 டாலர். பெயரே விலையைச் சொல்லிவிடும்! அமெரிக்காவில் வேலையின்மை வாட்டிய ஆண்டுகளில் அது பெருந்தொகை. ஆனால் 1936-இல் அதே நிறுவனம் மின்சாரக் கிதாரையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஓசைக்காகவே மார்பை உயர்த்திய கருவிக்கு, அதன் பின் பிறந்த வீட்டிலேயே தேவை குறையலாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கிதாருக்கு வளைமுகத்தை ஈந்த வயலின் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தமிழகத்தில் குடியேறிவிட்டது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் அதனை நம் இசைக்குப் பழக்கினர். வயலினில் மெட்டுகள் இல்லை. ஆகவே கமகம் தடையின்றி வழுக்கிச் செல்லும். கிதாரிலோ உலோக மெட்டுகள் சுரங்களைக் கூண்டில் அடைத்துவிடுகின்றன. இதே குறைக்காகத்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்திருந்தது. அவ்வாறாயின் கிதாருக்கு மட்டும் எப்படி வழி பிறந்தது?

வழி ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்தது. கிதாரை மடிமீது கிடத்தி, தந்திமேல் உலோகக் கோலை இழைத்து வாசிப்பது அத்தீவினர் முறை. டாவ் மோ என்னும் கலைஞர் 1940-களில் கல்கத்தாவில் தங்கி அதனைப் பரப்பினார். ஜோத்பூரில் 1937-இல் பிறந்த பிரிஜ் பூஷண் கப்ரா இம்முறையை இராகத்துக்கு ஆக்கினார். சரோத் மேதை அலி அக்பர் கானின் மாணவர் அவர். அமெரிக்க நடன அரங்குக்கென்று செய்த சூப்பர் 400 கிதார் ஒன்றை எடுத்து, தந்திகளை மேலே உயர்த்தி, சுருதித் தந்தி ஒன்றையும் சேர்த்தார். கோல் மெட்டுகளைத் தொடாததால் அவை வெறும் அடையாளக் கோடுகளாயின. பின்னர் ஜெய்ப்பூரின் விசுவ மோகன் பட் வளைமுகக் கிதாரில் இருபது தந்திகள் பூட்டி மோகன வீணை கண்டார். தமிழ் மாணவர்களுக்கு இது புதுமையாகத் தோன்ற வேண்டியதில்லை. மெட்டில்லாத் தண்டின்மேல் கோலை இழைக்கும் கோட்டுவாத்தியத்தைத் திருவிடைமருதூர் சகாராம ராவ் முன்னமே அரங்கேற்றியிருந்தார். ஹவாய்க்குப் போகாமலே நமக்குக் கிடைத்த வித்தை அது.

இத்தகைய பழங்கருவியைக் காப்பது எளிதன்று. ஆறு தந்திகளின் இழுவிசை சுமார் 70 கிலோ. தந்திகள் வால்தகட்டில் கட்டப்பட்டுப் பாலத்தின் வழியே முகத்தை ஓயாது கீழ்நோக்கி அழுத்துகின்றன. உள்ளிருக்கும் தாங்குகட்டைகள் நெகிழ்ந்தால் மார்பு அமுங்கும். வறண்ட காற்று பலகையைப் பிளக்கும். அழகுக்காகப் பொருத்திய செல்லுலாய்டுத் தகடே நாளடைவில் சிதைந்து, அமில ஆவி விட்டு, அருகிலுள்ள உலோகத்தை அரிக்கும்.

பழங்கருவி சேகரிப்போர் ஓர் ஆணி கூட மாறாத கிதாரையே நன்கு காக்கப்பட்டது என்பர். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி மேபெல் கார்ட்டர் 1928-ஆம் ஆண்டின் எல்-5 ஒன்றைச் சுமார் 275 டாலருக்கு வாங்கி வாழ்நாளெல்லாம் வாசித்தார். இன்று அது நாஷ்வில் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்கள் அளவுகோலின்படி கப்ரா தம் கிதாரைக் கெடுத்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2018-இல் மறைந்த அவருடைய வாசிப்பை 1967-இல் வெளிவந்த 'கால் ஆஃப் த வேலி' இசைத்தட்டில் கேட்கலாம். சிவகுமார் சர்மாவின் சந்தூரும் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலும் உடன் ஒலிக்கின்றன. காஷ்மீர மேய்ப்பன் ஒருவனின் ஒரு நாள்தான் அதன் கதை. விடியற்காலை ஆகிர் பைரவில் தொடங்கி, பகாடியில் முடிகிறது.