ஞாயிறு சேறு, திங்கள் அவிநாசி ரோடு: மாடிஃபை செய்த ஜீப்பை தினமும் ஓட்ட முடியுமா?

கோவையில் எந்த சிக்னலில் நின்றாலும் அப்படி ஒரு வண்டி கண்ணில் படும். தொடை உயரத்துக்கு டயர், முன்னால் இரும்பு பம்பர், அதில் ஒரு வின்ச், கூரையில் வரிசையாக எல்.இ.டி. விளக்குகள். ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு தோட்டத்துச் சேற்றில் புரண்ட அதே வண்டிதான், திங்கட்கிழமை காலை ஓனரை சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிக்குக் கொண்டுபோகும்.

வீட்டில் இருப்பது ஒரே வண்டி என்றால் வேறு வழியும் இல்லை. ஆனால் சேற்றுக்காகச் செய்த மாற்றங்கள் டவுனுக்குள் எப்படி நடந்துகொள்ளும்? எதைக் கழற்ற வேண்டும், எதை விட்டுவைக்கலாம், பிடிபட்டால் என்ன ஆகும்?

கொங்கில் ஏன் இவ்வளவு ஜீப்?

இது இன்ஸ்டாகிராம் மோகம் மட்டும் இல்லை. பொள்ளாச்சி தென்னந்தோப்பு, வால்பாறை எஸ்டேட், 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலை என, ஜீப் இல்லாமல் வேலை ஆகாத இடங்கள் இங்கே நிறைய. மஹிந்திராவின் பழைய சி.ஜே., எம்.எம். 540 வண்டிகளும், 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸியும் இங்கே தோட்டத்து வேலைக்கு உழைத்தவை. 2010-ல் மஹிந்திரா தார் வந்தது. 2020 அக்டோபர் 2-ம் தேதி ஏ.சி., ஏர்பேக், ஆட்டோமேட்டிக் கியர் எல்லாம் வைத்து புதிய தார் வந்த பிறகு, ஜீப் என்பது ஆபீஸ் போகிற வண்டியாகவும் ஆகிவிட்டது. (வண்டிக்கும் ரோட்டுக்கும் ஒரே பெயர். இங்கே வெறும் 'தார்' என்றால் வண்டி. ரோட்டுக்கு 'தார் ரோடு'.)

இன்னொரு காரணம், லேத். பம்பும் மோட்டாரும் செய்து பழகிய ஊர் இது. ஒரு அட்டையில் வரைந்து கொடுத்தால் போதும், சாயங்காலத்துக்குள் பம்பர், பிராக்கெட், வீல் ஸ்பேசர் எதுவும் தயார். செய்வது இவ்வளவு சுலபம் என்பதால், செய்யலாமா என்ற கேள்வியே பலருக்கு வருவதில்லை.

ஆர்.சி. புக் என்ன சொல்கிறது?

முதலில் பார்க்க வேண்டியது வண்டியை அல்ல, ஆர்.சி. புக்கை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டு ஆர்.சி.யில் ஏறிய விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது.

அதே 2019-ல் சட்டம் திருத்தப்பட்டு, பிரிவு 182ஏ மாற்றி எழுதப்பட்டது. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். பம்பர், டயர், விளக்கு, சைலன்சர் என நான்கு இருந்தால் கணக்கு 20,000 ரூபாய். சத்தம் போடும் சைலன்சருக்குத் தனியாக பிரிவு 190(2) வேறு இருக்கிறது: 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், கூடவே முதல் முறையே 3 மாதத்துக்கு லைசென்ஸ் தகுதியிழப்பு.

'இதுக்கெல்லாம் யாருங்க ஜெயில்ல போடறாங்க?' என்று கேட்பவர்களுக்கு ஸ்ரீநகர் வழக்கு பதில். பெரிய டயர், கூடுதல் எல்.இ.டி. விளக்கு, சைரன் எல்லாம் வைத்திருந்த தார் உரிமையாளர் ஒருவருக்கு, அங்குள்ள போக்குவரத்து நீதிமன்றம் 6 மாதம் சிறைத் தண்டனை விதித்தது. முன்பு எந்த வழக்கும் இல்லாததால் 2 லட்சம் ரூபாய் பிணைப் பத்திரத்தில் நன்னடத்தை அடிப்படையில் அவர் வெளியே வந்தார். வண்டியை ஆர்.சி.யில் உள்ளபடி பழைய நிலைக்குக் கொண்டுவரவும் உத்தரவானது.

கோவைக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வாளையாறு தாண்டினால் கேரளா. அங்கே மோட்டார் வாகனத் துறை இந்த விஷயத்தில் கறார். 2021 ஆகஸ்டில் கண்ணூரில் யூடியூபர் சகோதரர்கள் இருவரின் கேரவன் வேனைப் பிடித்து, பதிவையே நிறுத்திவைத்தார்கள். வண்டி ஜீப்பா வேனா என்று பார்க்கவில்லை, ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்றுதான் பார்த்தார்கள்.

சீட் கவர், மேட், மியூசிக் சிஸ்டம் போன்றவற்றில் பிரச்சினை இல்லை. கலர் மாற்ற வேண்டும் என்றால் ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பித்து ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம். கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதற்கு 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டது. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கவாட்டில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும்.

டயர்: பாதிப் பிரச்சினை இங்கேதான்

சட்டத்தை ஒரு நிமிடம் தள்ளி வைப்போம். தினசரி ஓட்டத்துக்கு வண்டியைத் திருப்ப ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால், டயரை மாற்றுவதுதான் அது.

சேற்றுக்காகப் போடும் எம்.டி. டயரில் கட்டைகள் பெரிது, இடைவெளியும் பெரிது. சேற்றை உதறித் தள்ள அந்த இடைவெளி வேண்டும். ஆனால் தார் ரோட்டில் அதே இடைவெளி காரணமாக ரப்பர் ரோட்டைத் தொடும் பரப்பு குறைகிறது. மழையில் நனைந்த ரோட்டில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். 2025 அக்டோபரில் திறந்த 10.1 கி.மீ. நீள ஜி.டி.நாயுடு மேம்பாலத்தில் ஓட்டிப் பாருங்கள். உப்பிலிபாளையத்தில் தொடங்கும் ரீங்காரம் கோல்டுவின்ஸ் வரை காதை விடாது. மாதம் ஒரு நாள் சேற்றுக்குப் போகிறவருக்கு ஏ.டி. டயரே போதும். வருடத்துக்கு இரண்டு முறை என்றால் கம்பெனி டயரே போதும்.

அளவு அடுத்த சிக்கல். புதிய தாரின் 255/65 ஆர்18 டயர் சுமார் 789 மி.மீ. உயரம். அதை எடுத்துவிட்டு 33 இன்ச் டயர் போட்டால் 838 மி.மீ. ஆகிவிடும், அதாவது 6 சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டருக்கு இது தெரியாது. முள் 60 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 64-ல் போய்க்கொண்டிருக்கும். ஸ்பீடு கேமராவில் மாட்டிக்கொண்டு 'நான் அவ்வளவு வேகம் போகவே இல்லையே' என்று சண்டை போடுவதில் பிரயோஜனம் இல்லை. எடையும் கூடுவதால் கிளட்ச், பிரேக், வீல் பேரிங் மூன்றுக்கும் வேலை அதிகம், மைலேஜும் இறங்கும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் உள்ளே உரசும். ஒப்பணக்கார வீதியில் யு-டர்ன் போடுபவருக்குத்தான் இதன் அருமை தெரியும்.

அளவை மாற்றியே ஆக வேண்டும் என்றால், அதே மாடலின் இன்னொரு வேரியன்ட்டுக்கு கம்பெனியே கொடுக்கும் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

காற்றையும் மறக்கக் கூடாது. சேற்றில் பிடிப்புக்காக 15-20 பி.எஸ்.ஐ. வரை காற்றை இறக்குவது வழக்கம். அதே காற்றோடு தார் ரோட்டில் வேகமாக வந்தால் டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கி சூடாகும், வெடிக்கவும் செய்யும். கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றை ஏற்றாமல் மெயின் ரோட்டில் ஏறக் கூடாது. சின்ன கம்ப்ரஸர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

உயர்த்தினால் என்ன ஆகும்?

'லிஃப்ட் கிட்' போட்டு இரண்டு இன்ச் உயர்த்துவது சகஜம். உயரும்போது வண்டியின் எடை மையமும் உயர்கிறது. கொண்டை ஊசி வளைவில் சாய்வு கூடும். முன் சக்கரத்தின் கேஸ்டர் கோணம் குறைவதால் நேர் ரோட்டிலும் ஸ்டியரிங் அலையும். ஓனர் அதை 'ஜீப்னா அப்படித்தான்' என்று பழகிக்கொள்வார். அப்படி இல்லை, கோணத்தைச் சரி செய்யும் புஷ் போட்டு அலைன்மென்ட் செய்தால் பெருமளவு சரியாகும். புதிய தாரில் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் என்பதால், உயர்த்தியவுடன் சி.வி. ஜாயிண்ட் கோணமும் கூடுகிறது. அதன் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்று அடிக்கடி குனிந்து பார்க்க வேண்டும்.

பலரும் விட்டுவிடுவது ஹெட்லைட். வண்டி உயர்ந்தால் வெளிச்சமும் உயர்கிறது. டிம் போட்டாலும் எதிரே வரும் பைக்காரரின் கண்ணில்தான் அடிக்கும். லெவலிங் ஸ்க்ரூவைத் திருப்பி இறக்குவது பத்து நிமிட வேலை. கூரை மேல் உள்ள எல்.இ.டி. பாருக்குப் பொது ரோட்டில் வேலையே இல்லை. திம்பம் மலைப்பாதையின் வளைவில் அதைப் போட்டால், எதிரே வரும் பஸ் டிரைவருக்குச் சில நொடிகள் ரோடே தெரியாது. கழற்ற மனசில்லை என்றால் இணைப்பையாவது துண்டித்துவிடுங்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது அப்போதும் ஒரு மாற்றம்தான்.

இரும்பு பம்பர் யாரைக் காப்பாற்றுகிறது?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே இந்த புல் பார், கிராஷ் கார்டு விஷயத்தில் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. காரணம் எளிது. கம்பெனி பம்பர் மோதலில் நசுங்குவதற்காகவே செய்யப்படுகிறது. நசுங்கும்போது அடியின் பெரும்பகுதியை அது வாங்கிக்கொள்ளும், ஏர்பேக் சென்சாருக்கும் சரியான நேரத்தில் தகவல் போகும். லேத்தில் வெல்டு அடித்த பம்பர் நசுங்காது. அடி நேராக சேஸிஸுக்கும், அங்கிருந்து உள்ளே இருப்பவருக்கும் போகும். 2020-ல் குளோபல் என்கேப் சோதனையில் புதிய தாருக்கு 4 ஸ்டார் கிடைத்தது கம்பெனி பம்பரோடுதான்.

வெளியே இருப்பவர் நிலைமை இன்னும் மோசம். கோவை டவுன் டிராஃபிக்கில் ஜீப்புக்கு முன்னால் பெரும்பாலும் இருப்பது ஸ்கூட்டர், பின்சீட்டில் பள்ளிக் குழந்தை. உயர்த்திய பானட்டுக்கு முன்னால் சில அடி தூரம் டிரைவர் கண்ணுக்கே தெரியாது. அந்த இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் வின்ச் கொக்கி என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. தினசரி ஓட்டத்துக்கு வின்ச்சும் இரும்பு பம்பரும் வீட்டு ஷெட்டில் இருக்க வேண்டியவை. இதில் சமாதானத்துக்கு இடமே இல்லை.

ஃபோர் வீல் லீவர்

தார், ஜிப்ஸி போன்றவற்றில் இருப்பது 'பார்ட் டைம்' ஃபோர் வீல் டிரைவ். திருப்பத்தில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும். 4எச் போட்டால் இரண்டு ஆக்சிலும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். சேற்றில் சக்கரம் வழுக்கி அதைச் சமாளித்துவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க வழி இல்லாமல் முறுக்கம் முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஏறும். திருப்பத்தில் வண்டி யாரோ பிடித்து இழுப்பது போல் திணறினால் அதுதான் காரணம். டவுனுக்குள் எப்போதும் 2எச்.

ஞாயிறு ராத்திரி செய்ய வேண்டியது

சக்கர ரிம்மின் உள்பக்கம் ஒட்டிய சேறு காய்ந்துவிட்டால், திங்கட்கிழமை 70 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் உதறும். அலைன்மென்ட் கடைக்கு ஓடுவதற்கு முன் உள்பக்கம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிப் பாருங்கள். பிரேக் பேடு, ரேடியேட்டர் இடுக்குகளிலும் சேறு தங்கும். வீல் நட்டுகளை ஒரு முறை முறுக்கிப் பார்க்க வேண்டும். ஆழமான தண்ணீரில் இறங்கியிருந்தால் டிஃபரன்ஷியல் ஆயிலையும் பார்க்க வேண்டும்; பால் கலந்த டீ மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, உடனே மாற்ற வேண்டும். ஹை-லிஃப்ட் ஜாக்கி, மண்வெட்டி, ஷேக்கிள், டீசல் கேன் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். திடீர் பிரேக்கில் கட்டாமல் கிடக்கும் ஜாக்கி, பின்சீட்டில் இருப்பவர் தலைக்குத்தான் வரும்.

பழைய ஜீப்களின் பக்கவாட்டு சீட்டில் பெல்ட் கிடையாது. குழந்தையை ஸ்கூலுக்குக் கொண்டுபோகும் வண்டிக்கு அது சரிவராது.

ஸ்நார்க்கெல் இருக்கிறதே, மழையில் லங்கா கார்னர் சுரங்கப்பாதையில் இறக்கலாமா? வேண்டாம். ஸ்நார்க்கெல் இன்ஜினுக்குக் காற்று மட்டும்தான் கொடுக்கும். புதிய தாருக்கு கம்பெனி சொல்லும் தண்ணீர் ஆழம் 650 மி.மீ. தேங்கிய தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருக்கிறதா, மூடி இல்லாத சாக்கடை இருக்கிறதா என்று எந்த வண்டிக்கும் தெரியாது.

இன்சூரன்ஸ், பழைய வண்டி

மாற்றங்களைத் தெரிவிக்காமல் பாலிசி எடுத்திருந்தால், விபத்தில் வண்டிச் சேதத்துக்கான கிளெய்மைக் குறைக்கவோ மறுக்கவோ கம்பெனிக்கு வாய்ப்பு கிடைத்துவிடும். சர்வேயர் முதலில் எடுக்கும் போட்டோவிலேயே டயரும் பம்பரும் தெரிந்துவிடும்.

ஏற்கெனவே மாடிஃபை செய்த வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் விலை பேசுவதற்கு முன் கேட்க வேண்டியது, 'கம்பெனி பம்பர், கம்பெனி வீல் எல்லாம் பத்திரமா இருக்குங்களா?' என்பதுதான். இருந்தால் அதையும் சேர்த்து வாங்குங்கள். இல்லை என்றால் அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். 15 வருடம் தாண்டிய வண்டி என்றால் பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸில் நேரில் காட்ட வேண்டும். டிஎன் 37, 38, 66, 99 எந்த நம்பராக இருந்தாலும், ஆய்வாளர் கையில் ஆர்.சி. விவரங்களை வைத்துக்கொண்டுதான் வண்டியைச் சுற்றி வருவார்.